உங்கள் மெடிக்கல் ஃபைல்... சாவி யார் கையில்?

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இருக்கும் உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எட்டிப் பார்த்தால்? நைஸாக நாலு எழுத்தை மாற்றிவிட்டால்? பால்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு குட்டி நாடு இந்தக் கவலைக்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 'பிளாக்செயின்', 'டிஜிட்டல் அடையாளம்' என்று பயமுறுத்தும் வார்த்தைகளின் பின்னால் இருக்கும் விஷயம் ரொம்ப எளிமையானது. வாங்க, பார்க்கலாம்.

நம் வீடுகளில் மெடிக்கல் ஃபைல் என்பது என்ன? பீரோவுக்கு மேலே ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் அப்பாவின் ஈ.சி.ஜி., அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், குழந்தையின் தடுப்பூசி அட்டை, யாருடையது என்றே தெரியாத ஒரு எக்ஸ்ரே. அவசரத்துக்குத் தேடினால் எது வேண்டுமோ அது மட்டும் கிடைக்காது!

ஆனால் அந்தப் பைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத் திறப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு அதே விவரங்கள் வேறு எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ரத்தம் கொடுத்த லேப், ஸ்கேன் சென்டர், டாக்டரின் கிளினிக், ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, போன் நம்பர் சொன்னால் தள்ளுபடி தரும் மருந்துக்கடை, ரிப்போர்ட்டை அனுப்பிய வாட்ஸ்அப்... ஒவ்வொரு இடத்திலும் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு துண்டு. அந்தக் கம்ப்யூட்டர்களை யார் திறக்கிறார்கள், எதற்குத் திறக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது.

"நம்ம சர்க்கரை அளவைத் தெரிஞ்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப்போறான்?" என்று கேட்கத் தோன்றும். உலகில் நடந்ததைக் கேளுங்கள்.

பூட்டு உடைந்த கதைகள்

2018-ல் சிங்கப்பூரின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிக் குழுமமான சிங்ஹெல்த்தின் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 15 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அவர்களில் சுமார் 1,60,000 பேர் வாங்கிய மருந்துகளின் விவரமும் போனது. அந்தப் பட்டியலில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கும் ஒருவர்!

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களை விஷமிகள் முடக்கினார்கள். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் பல நாட்களுக்கு ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிசல்ட் வரை எல்லாம் பழையபடி பேனாவும் பேப்பரும்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பின்லாந்தில் நடந்தது. மனநல ஆலோசனை தரும் 'வஸ்தாமோ' என்ற நிறுவனத்தின் பதிவுகள் திருடு போயின. கணவன் மனைவிச் சண்டை, சின்ன வயதில் நடந்த கொடுமை, தற்கொலை எண்ணம் என்று மனதைத் திறந்து கொட்டிய பேச்சுகளின் குறிப்புகள் அதில் இருந்தன. 2020 அக்டோபரில், 'பணம் கொடு, இல்லாவிட்டால் ஊருக்கே சொல்வேன்' என்று நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதங்கள் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். குற்றவாளிக்கு 2024-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியே போன ரகசியத்தை யாரால் திரும்ப உள்ளே எடுத்து வைக்க முடியும்?

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பாங்க் அட்டை போனால் புது அட்டை வாங்கலாம். உங்கள் நோய் வரலாற்றை மாற்ற முடியுமா? அதனால்தான் இந்த விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை தேவை.

மூன்று பூட்டுகள்

ஒரு மெடிக்கல் ஃபைலுக்கு மூன்று விதப் பாதுகாப்பு வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒன்று, ரகசியம். சம்பந்தமில்லாதவர் படிக்கக் கூடாது.

இரண்டு, மாறாமை. எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்ற ஒரு வரி காணாமல் போனால் உயிருக்கே ஆபத்து. 5 மில்லிகிராம் என்பது 50 ஆனாலும் அப்படித்தான். ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்து, பிறகு கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதிவிட்டால் நோயாளி எங்கே போய் நியாயம் கேட்பது?

மூன்று, அடையாளம். 'நான்தான் அந்த டாக்டர்', 'நான்தான் அந்த நோயாளி' என்று சொல்பவர் உண்மையிலேயே அவர்தானா?

நாம் பெரும்பாலும் முதல் பூட்டைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறோம். மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாடே யோசித்தது.

எஸ்டோனியா என்றொரு குட்டி நாடு

வடக்கு ஐரோப்பாவில், பால்டிக் கடலோரத்தில், பின்லாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது எஸ்டோனியா. மொத்த ஜனத்தொகை சுமார் 13 லட்சத்துக்கு மேல், அவ்வளவுதான். சென்னை மாநகர மக்கள்தொகையில் கால் பங்குகூடத் தேறாது! 1991-ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட நாடு. கையில் பணமும் இல்லை, ஆட்களும் குறைவு. 'காகிதமே இல்லாமல் அரசாங்கத்தை நடத்தினால் என்ன?' என்று துணிந்தார்கள்.

2001-ல் அரசு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்கள் பத்திரமாகப் பேசிக்கொள்ள 'எக்ஸ்-ரோடு' என்ற ஏற்பாடு வந்தது. 2002-ல் சிப் வைத்த அடையாள அட்டை. 2008-ல் நாடு முழுவதற்குமான மருத்துவத் தகவல் தொகுப்பு. 2010-ல் மருந்துச் சீட்டும் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. அங்கே டாக்டர் சீட்டில் கிறுக்கித் தருவது இல்லை. நீங்கள் நாட்டின் எந்த மருந்துக்கடைக்குப் போய் அட்டையை நீட்டினாலும், எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு என்பது அவர்கள் திரையில் தெரியும்.

நடுவில் ஒரு பெரிய அடி விழுந்தது. 2007-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அந்நாட்டின் பாங்குகள், பத்திரிகைகள், அரசு இணையதளங்கள் மீது சரமாரியான கம்ப்யூட்டர் தாக்குதல். நாடே திணறியது. அப்போது அவர்களை ஒரு கேள்வி குடைந்தது. 'நம் பதிவேட்டை யாராவது ரகசியமாக மாற்றிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? வெளித் திருடனை விடுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் நம் ஆளே மாற்றினால்?'

காவல்காரனுக்கு யார் காவல்? இந்தக் கேள்விக்கான பதில்தான் பிளாக்செயின் வகையைச் சேர்ந்த ஒரு முறை. அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய இதற்குப் பெயர் 'கே.எஸ்.ஐ.' 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் நுழைந்தது. மருத்துவப் பதிவுகளையும் இதன் காவலில் கொண்டுவரும் வேலை 2016-ல் அறிவிக்கப்பட்டது.

பேரேடும் மொய் நோட்டும்!

பிளாக்செயினைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். நம் மளிகைக்கடை அண்ணாச்சியின் பேரேடு போதும்.

அண்ணாச்சி ஒரு பக்கம் முடிந்ததும் அடியில் மொத்தத் தொகை போடுவார். அடுத்த பக்கத்தின் தலையில் 'முன் பக்கத் தொகை' என்று அதையே எழுதி, அதோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவார். இப்போது யாரோ ஒருவர் பத்தாம் பக்கத்தில் 100 ரூபாயை 1,000 என்று திருத்திவிட்டார் என்று வையுங்கள். என்ன ஆகும்? பத்தாம் பக்கத்தின் கூட்டல் இடிக்கும். அதையும் திருத்தினால் பதினொன்றாம் பக்கத்தின் தலை இடிக்கும். அதையும் திருத்தினால் பன்னிரண்டு... இப்படிக் கடைசிப் பக்கம் வரை திருத்திக்கொண்டே போக வேண்டும். பக்கங்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. பிளாக் என்றால் பக்கம். செயின் என்றால் சங்கிலி. அவ்வளவுதான்!

கம்ப்யூட்டரில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒரு 'கைரேகை' போடுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டை ஒரு கணக்குக்குள் அனுப்பினால் ஒரு நீளமான எண் வெளியே வரும். அதே ரிப்போர்ட்டை எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான். ஆனால் ஒரே ஒரு புள்ளியை மாற்றி அனுப்பிப் பாருங்கள், எண் தலைகீழாக மாறிவிடும். இன்னொரு விசேஷம், கைரேகையை வைத்து ஆளின் முகத்தை வரைய முடியாத மாதிரி, அந்த எண்ணை வைத்து உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

"சரி, கில்லாடித் திருடன் கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றையும் திருத்திவிட்டால்?"

நல்ல கேள்வி. இங்கேதான் மொய் நோட்டு வருகிறது. கல்யாண மண்டபத்தில் மைக் வைத்து, 'மாமா வீட்டு மொய் ஐயாயிரத்து ஒண்ணு' என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்கள். இனி நோட்டில் அதைத் திருத்தி என்ன புண்ணியம்? ஊரே சாட்சி. எஸ்டோனியர்களின் முறையிலும் அதே உத்திதான். ஒவ்வொரு விநாடியும் வந்து சேரும் கைரேகைகளையெல்லாம் ஒன்றாகப் பின்னி ஒரே கைரேகையாக்குகிறார்கள். அந்தச் சங்கிலிக்கான ஒரு முத்திரை எண்ணை அவ்வப்போது லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' போன்ற நாளிதழில் அச்சிட்டு விடுகிறார்கள். ஊர் ஊராக வீடு வீடாகப் போய்விட்ட பேப்பரை எந்தத் திருடன் திருத்துவான்?

இந்த யோசனைக்கு வயது முப்பதுக்கு மேல். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஒரு கம்ப்யூட்டர் ஆவணம் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று நிரூபிக்க 1991-ல் இதை எழுதினார்கள். 1995 முதல் அவர்கள் ஆரம்பித்த நிறுவனம் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் இப்படி எண்களைப் போட்டு வந்தது. பிட்காயின் வந்ததெல்லாம் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

அட்டை ஒன்று, பின் நம்பர் இரண்டு

பதிவு மாறவில்லை என்பது சரி. அதைத் திறந்தவர் யார்? இங்கேதான் டிஜிட்டல் அடையாளம் வேலை செய்கிறது.

அந்தக் காலத்து ஜமீனில் ஒரு முத்திரை மோதிரம் இருக்கும். மோதிரம் ஜமீன்தாரின் விரலில். ஆனால் அது பதிந்த அரக்கு எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கடுதாசி வந்தால் அரக்கைப் பார்த்தே 'இது அவர்தான்' என்று சொல்லிவிடுவார்கள். எஸ்டோனியாவின் அட்டையில் இருக்கும் சிப் அந்த மோதிரம் மாதிரி. உள்ளே ஒரு ரகசிய எண் இருக்கிறது. அது சிப்பை விட்டு வெளியே வராது. அதற்கு ஜோடியான இன்னொரு எண் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து, கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்று யாரும் சரிபார்க்கலாம்.

மோதிரத்தைத் திருடிவிட்டால்? அதற்குத்தான் இரண்டு பின் நம்பர்கள். முதல் நம்பர் 'நான்தான்' என்று அடையாளம் காட்ட. இரண்டாவது நம்பர் கையெழுத்துப் போட. அட்டை மட்டும் இருந்தாலோ நம்பர் மட்டும் தெரிந்தாலோ உபயோகமில்லை. இரண்டும் சேர வேண்டும். டாக்டரும் அப்படித்தான் உள்ளே நுழைய முடியும். அதனால் 'நான் இல்லை, வேறு யாரோ என் கம்ப்யூட்டரில்...' என்று சால்ஜாப்பு சொல்வது கஷ்டம்.

யார் எட்டிப் பார்த்தது?

இத்தனையிலும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எது பெரிய லாபம் தெரியுமா? எஸ்டோனியாவில் ஒருவர் தன் அட்டையைச் செருகி, தன் மருத்துவப் பக்கத்தைத் திறந்தால், தன் ஃபைலை யார் யார், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்ற பட்டியலும் தெரியும்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா சும்மா ஒரு ஆர்வத்தில், 'இவங்களுக்கு எதுக்கு ஆபரேஷன்?' என்று திறந்து பார்த்தாலும் பெயர் பதிவாகிவிடும். சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாமல் பார்ப்பது அங்கே சட்டப்படி தப்பு. கேள்வி கேட்கலாம், புகார் கொடுக்கலாம். 'இந்த விவரத்தை மூடி வை' என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.

பார்த்தவர் தன் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம் வரும். மேலே சொன்ன பேரேட்டுச் சங்கிலி இந்தப் பட்டியலுக்கும் காவல் நிற்க முடியும். அழித்தால், அழித்த இடம் பல் விழுந்த மாதிரி தெரியும்!

இதிலும் ஓட்டை உண்டு

'அப்படியானால் இனி கவலையே இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள்.

2017-ல் எஸ்டோனிய அட்டையிலிருந்த சிப்பிலேயே ஒரு குறை இருப்பதை செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7.5 லட்சம் அட்டைகளுக்கு ஆபத்து! அந்த வருஷம் நவம்பர் மாதம், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் மின்னணுச் சேவையை அரசே நிறுத்தி வைத்தது. குறையை ஒளிக்காமல் மக்களிடம் சொன்னதும், வீட்டிலிருந்தபடியே புதுப்பிக்க வழி செய்ததும்தான் மானத்தைக் காப்பாற்றியது.

2024-ல் இன்னொன்று. அரசின் மருத்துவத் தொகுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு மருந்துக்கடைத் தொடரின் தள்ளுபடி அட்டை விவரங்கள் திருடு போயின. சுமார் 7 லட்சம் பேர். கிட்டத்தட்ட நாட்டில் பாதி! கோட்டைக் கதவுக்கு ஏழு பூட்டு போட்டார்கள்; திருடன் பெட்டிக்கடை வழியாக வந்தான்.

மூன்றாவது குறை பிளாக்செயினிலேயே இருக்கிறது. அது மாறாமைக்குக் காவல். ரகசியத்துக்குக் காவல் அது இல்லை. பின்லாந்தின் வஸ்தாமோவில் பிளாக்செயின் இருந்திருந்தால், குறிப்புகள் மாறவில்லை என்று மட்டும்தான் நிரூபித்திருக்கும். திருட்டைத் தடுத்திருக்காது. ரகசியத்தைக் காக்க, தகவலைப் பூட்டிய எழுத்தில் வைப்பது, நல்ல பாஸ்வேர்டு, உள்ளே விடுவதற்குமுன் ஆளைச் சரிபார்ப்பது இதெல்லாம் தனியாகச் செய்தாக வேண்டும்.

நான்காவது, முதலில் எழுதும்போதே தப்பாக எழுதினால்? உங்கள் ரத்தம் 'பி பாசிட்டிவ்'. லேப்பில் 'ஏபி' என்று தட்டிவிட்டார்கள். பிளாக்செயின் அந்தத் தப்பையும் பத்திரமாகக் காக்கும்! பிறகு திருத்தம் என்று இன்னொரு வரி சேர்க்கலாம். ஆனால் 'இது தப்பு' என்று கண்டுபிடிக்க வேண்டியது மனிதர்தான். அந்த மனிதர் பெரும்பாலும் நீங்கள்தான்.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

இந்தியாவில் 2021 செப்டம்பர் 27-ம் தேதி 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. அதில் தரப்படும் 14 இலக்க எண்ணுக்கு 'ஆபா' என்று பெயர். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கட்டம் போட்ட க்யூஆர் குறியை போனில் படம் பிடித்து ஓ.பி. சீட்டு வாங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதன் ஒரு பகுதி.

இதன் அமைப்பைக் கவனியுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் டெல்லியில் ஒரே குடோனில் குவிக்கப்படுவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில், எந்த லேபில் உருவானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்களிடம் அனுமதி கேட்டு போனில் செய்தி வரும். யார் கேட்கிறார்கள், எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான ரிப்போர்ட்டுகள், எவ்வளவு நாள் பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் சம்மதிக்கலாம், மறுக்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் வாங்கலாம். ஆபா எடுப்பது கட்டாயம் இல்லை; வேண்டாம் என்றால் நீக்கியும் விடலாம். இது பிளாக்செயினை அடித்தளமாக வைத்துக் கட்டியது இல்லை. சம்மதத்தை அடித்தளமாக வைத்துக் கட்டியது.

பிளாக்செயினும் நமக்கு அந்நியம் இல்லை. தமிழக அரசின் மின் ஆளுமை முகமை 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரிலேயே ஒரு பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியது. அது அரசு சான்றிதழ்களைப் போலியிலிருந்து காப்பதற்காக.

ஏன், டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட மருத்துவச் சான்று ஒன்று உங்கள் போனிலேயே இருந்ததே! கொரோனா தடுப்பூசிச் சான்றிதழின் ஓரத்தில் இருந்த அந்தக் கட்டம் நினைவிருக்கிறதா? அதற்குள் மின்னணுக் கையெழுத்து இருந்தது. பெயரைத் திருத்தி அச்சடித்தால் சோதனைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். முத்திரை மோதிர வேலைதான் அதுவும்.

சந்தேகம் வருகிறதா?

பிளாக்செயின் என்றால் பிட்காயின்தானே? பணம் போட வேண்டுமா?

வேண்டாம். பேரேடு ஒன்று, அதில் எழுதும் சரக்கு வேறு. பிட்காயின் அந்தப் பேரேட்டில் பணக் கணக்கு எழுதுகிறது. இங்கே எழுதுவது மருத்துவப் பதிவின் கைரேகை. 'ஹெல்த் காயின் வாங்குங்க, உங்க ரிப்போர்ட் பத்திரமா இருக்கும், லாபமும் வரும்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என் ஸ்கேன் படமெல்லாம் பிளாக்செயினில் போய் உட்கார்ந்துவிடுமா?

உட்காரக் கூடாது. பிளாக்செயினில் எழுதியதை அழிக்க முடியாது என்பதுதான் அதன் பலமே. உங்கள் ரகசியத்தை அழிக்க முடியாத இடத்தில் எழுதலாமா? அதனால் படமும் ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரியின் பெட்டகத்தில் இருக்கும். கைரேகை மட்டும் சங்கிலியில் இருக்கும். 'நோயாளியின் முழு ஃபைலையும் பிளாக்செயினில் ஏற்றுகிறோம்' என்று ஒரு கம்பெனி பெருமையடித்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

அட்டையோ போனோ தொலைந்தால் ஃபைலும் போச்சா?

போகாது. அட்டை என்பது சாவி. பொருள் அதற்குள் இல்லை. எஸ்டோனியாவில் போன் செய்து சொன்னால் அந்த அட்டையின் சேவையை நிறுத்தி வைப்பார்கள், புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் போன் தொலைந்தால் முதல் வேலையாக சிம்மை முடக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வருகிறது.

விபத்தில் மயங்கிக் கிடந்தால் யார் பின் நம்பர் போடுவது?

எஸ்டோனியாவில் ஆம்புலன்ஸ் டாக்டர், நோயாளியின் அடையாள எண்ணை வைத்து ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து போன்ற அவசர விவரங்களைப் பார்க்க ஏற்பாடு உண்டு. அவர் பார்த்ததும் பதிவாகும். நம் வீடுகளில் அதற்கு எளிய வழி, பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு. கரண்ட், சிக்னல், சார்ஜ் எதுவும் வேண்டாம்!

இன்றைக்கே செய்யக்கூடிய 8 வேலைகள்

1. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள். பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மாத்திரையும் அளவும், நடந்த ஆபரேஷன், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். ஒரு நகல் ஃபைலில், ஒரு நகல் பர்ஸில்.

2. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ரிசல்ட்டைப் பார்க்கும் முன் பெயர், வயது, ஆணா பெண்ணா, தேதி சரியா என்று பாருங்கள். தப்பிருந்தால் அன்றே திருத்தி வாங்குங்கள். நாள் கடந்தால் அந்தத் தப்பு நாலு இடத்துக்குப் பயணம் போய்விடும்.

3. ஆபா எண் வேண்டுமென்றால் அரசின் அதிகாரபூர்வத் தளத்திலோ, செயலியிலோ, ஆஸ்பத்திரி உதவி மையத்திலோ எடுங்கள். எவரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டாதீர்கள். முன்பின் தெரியாத கடையில் ஆதார் ஜெராக்ஸை விட்டுவிட்டு வராதீர்கள்.

4. ஓ.டி.பி. சொல்லும் முன் அந்தச் செய்தியை முழுதாகப் படியுங்கள். எதற்கான ஓ.டி.பி. என்று அதிலேயே இருக்கும். 'ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம்' என்று போனில் கேட்டால் சொல்லவே கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்லி வையுங்கள்.

5. சம்மதம் கேட்டு வரும் செய்தியில் தேதியைக் கவனியுங்கள். பல்வலிக்குப் போன இடத்தில் பத்து வருஷ ரிப்போர்ட் எதற்கு? வேலை முடிந்ததும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

6. மருந்துக்கடையில் போன் நம்பர் கேட்டால், 'எதுக்குங்க?' என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பத்து ரூபாய்த் தள்ளுபடிக்காகக் குடும்பத்தின் நோய்ப் பட்டியலையே எழுதிக் கொடுக்கிறோமா என்று யோசியுங்கள். எஸ்டோனியாவின் 7 லட்சம் பேர் நினைவுக்கு வரட்டும்.

7. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். டாக்டருக்கு அனுப்ப வேண்டுமானால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பெண்ணின் மகப்பேறு சிகிச்சை, பையனின் மனநல ஆலோசனை இதெல்லாம் அவர்கள் சொன்னால் மட்டுமே மற்றவருக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குள்ளும் ரகசியம் ரகசியம்தான்.

8. உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேஸ் ஷீட் நகலை வாங்கிவிட்டால், பின்னால் யாரும் திருத்த முடியாத சாட்சி உங்கள் கையில் இருக்கும்.

கடைசியில் சொன்ன வேலையைக் கவனித்தீர்களா? தேதி போட்ட ஒரு நகல் உங்களிடம், அசல் அவர்களிடம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஸ்டோனியா கோடிக்கணக்கான கைரேகைகளை வைத்துச் செய்யும் வேலையின் அடிப்படையும் இதுதான். 50 ரூபாய் ஜெராக்ஸில் நீங்களும் தொடங்கலாம்.

கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டியான பூட்டைச் செய்தாலும் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது நம் முடிவு. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணிக்கடைப் பையைக் கீழே இறக்குங்கள். முதலில், யாருடையது என்றே தெரியாத அந்த எக்ஸ்ரே யாருடையது என்று கண்டுபிடியுங்கள்!